ஜெர்மனியில் கைக்குழந்தையுடன் முதல் ஆண்டு: புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். குளிப்பாட்ட ஒருவர், பத்தியச் சமையலுக்கு ஒருவர், நடு இரவில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள ஒருவர் என்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அலைவதற்கும் யாராவது மாமாவோ சித்தப்பாவோ முன்வருவார். வேலைக்காக ஜெர்மனிக்கு வந்து இங்கேயே குழந்தை பெற்றுக்கொள்ளும் தம்பதியருக்கு இவர்களில் எவரும் அருகில் இல்லை. ஆனால், இவர்கள் செய்யும் வேலைகளில் பெரும்பகுதிக்கு இந்த நாட்டில் முறையான ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை தாமாக வீடு தேடி வருவதில்லை. உரிய நேரத்தில் நாம் கேட்க வேண்டும். மேலும், ஒரு காகிதம் கைக்கு வந்தால்தான் அடுத்த காகிதத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் வரிசை மிகவும் முக்கியம். எதை எப்போது செய்வது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும் என்ற உறுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பம் உறுதியானவுடன்

முதலில் தேட வேண்டியவர் மருத்துவச்சி. ஹெபாமெ என்று இங்கே அழைக்கப்படும் இவர் முறைப்படி படித்து உரிமம் பெற்றவர். கர்ப்ப காலத்தில் ஆலோசனை சொல்வதுடன், பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனிப்பார். முதல் பத்து நாட்கள் தினமும், அதன்பின் 12 வாரங்கள் வரை தேவைக்கேற்பவும் அவர் வந்து போவதற்கான செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. நம்மவர்களில் பலருக்கு இந்த உரிமை இருப்பதே ஏழாம் மாதத்தில்தான் தெரியவருகிறது. மியூனிக், பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற பெரிய நகரங்களில் அதற்குள் பெரும்பாலான மருத்துவச்சிகளுக்கு நேரம் இருக்காது. எனவே, கர்ப்பம் உறுதியான சில வாரங்களிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள். பிரசவத் தேதி, நீங்கள் குடியிருக்கும் பகுதி, இது முதல் குழந்தையா என்பது, நீங்கள் பேசும் மொழிகள் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். பத்துப் பேருக்கு எழுதி ஒருவரிடமிருந்து பதில் வருவது இங்கே இயல்பு. அதனால் சோர்ந்துவிட வேண்டாம்.

வேலை பார்க்கும் பெண்கள் கர்ப்பத்தை அலுவலகத்தில் தெரிவித்தவுடன் சட்டப் பாதுகாப்பு முழுமையாகப் பொருந்தும். பிரசவத் தேதிக்கு 6 வாரம் முன்பும் 8 வாரம் பின்பும் விடுப்பு உண்டு; குறைப்பிரசவம், இரட்டைக் குழந்தை என்றால் பின்விடுப்பு 12 வாரம். இந்தக் காலத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியையும் வேலை கொடுத்தவர் மீதியையும் தருவதால் கைக்கு வரும் ஊதியம் குறையாது.

பணம் சம்பந்தமாக இப்போதே யோசிக்க வேண்டியது வருமான வரி வகுப்பு, அதாவது மாத ஊதியத்தில் எவ்வளவு வரி பிடிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் பிரிவு. பின்னால் கிடைக்கப்போகும் பெற்றோர் உதவித்தொகை, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களின் நிகர ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கணவன் மூன்றாம் வகுப்பிலும் மனைவி ஐந்தாம் வகுப்பிலும் இருந்தால் மனைவியின் நிகர ஊதியம் குறைவாகத் தெரியும். உதவித்தொகையும் அதற்கேற்பக் குறையும். அந்தக் காலத்தின் பெரும்பாலான மாதங்களில் எந்த வகுப்பு இருந்ததோ அதுவே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், மாற்றுவதாக இருந்தால் கர்ப்பம் உறுதியான கையோடு மாற்ற வேண்டும். ஆறாம் மாதத்தில் மாற்றிப் பயனில்லை.

காகிதங்களைப் பிறப்புக்கு முன்பே திரட்டுங்கள்

குழந்தையின் பிறப்பைப் பதிய இருவருடைய கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். கோயிலிலோ மண்டபத்திலோ திருமணம் முடிந்து, பதிவு செய்யாமலேயே விமானம் ஏறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்; அது இல்லாவிட்டால் இங்குள்ள பதிவு அலுவலகத்தில் தந்தையின் பெயரைப் பதிவதற்கே தனி நடைமுறை தேவைப்படும். ஊருக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அதை முதலில் முடியுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள சான்றிதழ்களுக்கு நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்கப்படலாம். எந்த ஆவணத்தை எந்த வடிவில் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், உங்கள் மருத்துவமனை அமைந்துள்ள நகரத்தின் பதிவு அலுவலகத்துக்கு, அதாவது ஸ்டாண்டஸாம்ட்டுக்கு, ஐந்தாம் மாதத்திலேயே எழுதிக் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரின் அலுவலகத்தில் அல்ல, குழந்தை பிறக்கும் ஊரின் அலுவலகத்தில்தான் பதிவு நடக்கும்.

நம் பெயர்களால் வரும் சிக்கலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். திருமணச் சான்றிதழில் அதுவே முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். ஜெர்மன் அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயர்கள். ஆகவே, எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கான சான்றை முன்கூட்டியே பெற்றுவிடலாம். குழந்தையின் குடும்பப் பெயராக எது வரும் என்பதையும் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பெற்றோரின் குடியுரிமை நாட்டுச் சட்டப்படி பெயரிடக் கோருவதற்கு ஜெர்மன் சட்டத்தில் இடமுண்டு. அப்பாவின் இயற்பெயர் குழந்தைக்குக் குடும்பப் பெயராக வர வேண்டும் என்று விரும்புவோர் இதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பிறந்த ஒரு வாரத்துக்குள் பிறப்பு அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையே அதைச் செய்துவிடும். பெயரை அப்போதே முடிவு செய்யாவிட்டால், தெரிவிக்க ஒரு மாத அவகாசம் இருக்கிறது. பதினாறாம் நாள் பெயர் சூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அது போதும். ஆனால், பெயர் வரும்வரை சான்றிதழ் வராது. சான்றிதழ் வரும்வரை வேறெதுவும் நகராது என்பதை ஊரிலுள்ள பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

பெற்றோரின் அடையாளமோ பெயரோ ஐயமற நிறுவப்படவில்லை என்று அலுவலகம் கருதினால், வழக்கமான பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகப் பிறப்புப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தருவார்கள். அதைக் கண்டு பதற வேண்டாம். சட்டத்தின் முன் அதற்கும் சான்றிதழுக்கு நிகரான மதிப்பு உண்டு. ஓரக்குறிப்பு ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி வரிசை. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்; சட்டபூர்வக் காப்பீட்டில் இருப்பவர்களின் குழந்தை பெரும்பாலும் கட்டணமின்றிக் குடும்பக் காப்பீட்டில் சேர்க்கப்படும். தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குள் குழந்தையைச் சேர்த்துவிட வேண்டும். அடுத்து, குழந்தையின் பெயரில் வரி அடையாள எண் அஞ்சலில் வரும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைக் கொண்டு கிண்டர்கெல்ட் எனும் குழந்தை உதவித்தொகைக்கு, அதை வழங்கும் அலுவலகமான ஃபமீலியன்காஸவிடம் விண்ணப்பிக்கலாம். 2025இல் மாதம் 255 யூரோவாக இருந்த இத்தொகை 2026 முதல் 259 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் முந்தைய ஆறு மாதங்களுக்கு மட்டுமே பின்தேதியிட்டுக் கிடைக்கும்.

குடியுரிமையைப் பொறுத்தவரை, பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்து, நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருந்தால் குழந்தை பிறப்பாலேயே ஜெர்மன் குடியுரிமை பெறும். 2024 ஜூன் 27க்கு முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. அந்த நிலையை எட்டாத இந்தியப் பெற்றோர், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும் என்று இந்தியக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. பெர்லினில் தூதரகமும், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. உங்கள் மாநிலம் எதன் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுடன் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பித்துவிடலாம். அதற்கான நிழற்படத்தை வீட்டிலேயே எடுக்க முடியும்: பால் குடித்து விழித்திருக்கும் நேரத்தில் வெள்ளைத் துணியில் மல்லாக்கப் படுக்கவைத்து, சன்னல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுங்கள், கைகளும் பொம்மைகளும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழந்தைக்கு வசிப்பு அனுமதி கோரும் விண்ணப்பத்தைப் பிறந்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கடவுச்சீட்டு வரத் தாமதமானாலும் காத்திருக்காமல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கடவுச்சீட்டைப் பின்னர் சேர்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பேரக்குழந்தையைப் பார்க்க ஊரில் எல்லாரும் ஏங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது உண்மையே, ஆயினும் குழந்தையின் வசிப்பு அனுமதி அட்டை கைக்கு வருவதற்கு முன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். அட்டை இல்லாமல் போனால் திரும்பி வரும்போது குழந்தைக்குத் தனியாக விசா பெற நேரலாம். அதற்காகத் தாயும் குழந்தையும் மாதக்கணக்கில் சென்னையில் காத்திருக்க வேண்டிவரும்.

பெற்றோர் உதவித்தொகையும் தந்தையின் விடுப்பும்

எல்டர்ன்கெல்ட் எனப்படும் பெற்றோர் உதவித்தொகை, குறைந்தது 300 யூரோவிலிருந்து அதிகபட்சம் 1,800 யூரோ வரை மாதந்தோறும் கிடைக்கும். பெரும்பாலோருக்கு முந்தைய நிகர ஊதியத்தில் ஏறக்குறைய 65 விழுக்காடு. வேலைக்குப் போகாத தாய்க்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு. ப்ளூ கார்டு உள்ளவர்களும் வேலை செய்ய அனுமதிக்கும் வசிப்புரிமை உள்ளவர்களும் பெறலாம். மாணவர் அனுமதியில் இருப்பவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. 2025 ஏப்ரல் முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பெற்றோரின் வரிக்குரிய ஆண்டு வருமானம் 1,75,000 யூரோவைத் தாண்டினால் இது கிடைக்காது. மாதங்கள் நாட்காட்டிப்படி எண்ணப்படுவதில்லை. 17ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் 17இல் தொடங்கி 16இல் முடியும். விடுப்பைக் கணக்கிடும்போது இதை மறந்தால் ஒரு மாதத் தொகை கைநழுவும். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குத்தான் பின்தேதியில் தருவார்கள் என்பதால் படிவத்தைப் பிறப்புக்கு முன்பே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம். இருவரும் பகிர்ந்துகொண்டால் 14 மாதம். அந்தக் கூடுதல் இரண்டு மாதத்தைத் தந்தையர் பலரும் ஊருக்குப் போய்வரும் பயணத்துக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். என் கருத்து வேறு. அதில் ஒரு மாதத்தையாவது குழந்தை பிறந்த நாளிலிருந்தே தந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் ஆறாத உடம்புடன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்துக்கொண்டு, சமையலையும் துணி துவைப்பதையும் ஒரு பெண் தனியே பார்ப்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஊரில் நான்கு பேர் செய்யும் வேலை இது. முதல் 12 மாதங்களில் இருவரும் ஒரே நேரத்தில் முழு உதவித்தொகை பெறுவது பொதுவாக ஒரு மாதத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. அந்த ஒரு மாதத்துக்கு முதல் மாதத்தைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. பெற்றோர் விடுப்புக்கான அறிவிப்பை, விடுப்பு தொடங்குவதற்கு ஏழு வாரம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். விடுப்புக் காலத்தில் வேலையிலிருந்து நீக்க முடியாது.

இதற்கும் மேல் உதவி தேவைப்பட்டால், வீட்டில் கவனித்துக்கொள்ள ஆளில்லை என்று மருத்துவரிடமோ மருத்துவச்சியிடமோ சான்று பெற்று, வீட்டுவேலை உதவிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம்.

முதல் நாற்பது நாட்கள்

மருத்துவச்சி வரும்போது தோள்பையிலிருந்து ஒரு துணித் தொட்டியையும் கொக்கி வைத்த தராசையும் எடுப்பார். குழந்தையைத் துணியில் கிடத்தித் தூக்கிப் பிடித்து எடை பார்த்து, முந்தைய எடையுடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார். தொப்புள், தாயின் தையல், மார்பில் பால் கட்டியிருக்கிறதா, கருப்பை சுருங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கேள்விகளை முதல் நாளே எழுதி வையுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டவைதான் இரவில் பயமாக மாறுகின்றன. தாய் காரணமின்றி அழுதுகொண்டேயிருந்தாலும், குழந்தைமீது ஒட்டுதலே வரவில்லை என்று உணர்ந்தாலும், தூக்கம் வாய்த்த நேரத்திலும் தூங்க முடியாமல் தவித்தாலும் அதை மருத்துவச்சியிடம் சொல்லுங்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. ‘எல்லாருக்கும் இருப்பதுதான்’ என்று தொலைபேசியில் சமாதானம் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து.

நம் வழக்கங்களில் எவற்றைத் தொடரலாம், எவற்றை விட வேண்டும் என்பதில் பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையே பூசல் வருவது இந்தக் காலத்தில்தான். எண்ணெய் தேய்த்து மெல்ல உருவிவிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை; குளிக்கும் நீர் 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. அதோடு, ஜெர்மன் வீடுகளின் படுக்கையறை, குழந்தையறை, நடைவழி ஆகியவற்றில் புகையறிவிப்பான் பொருத்துவது சட்டப்படி கட்டாயம் என்பதால் அலறல் ஓசையில் குழந்தையும் அண்டை வீட்டாரும் அரண்டுபோவார்கள். தேன் ஓராண்டு வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஊரிலிருந்து வரும் கண்மையில் ஈயம் இருக்கக்கூடும். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில்கூட அதைக் கொண்டு வைக்காமல் இருப்பதே நல்லது. வசம்பு, உரை மருந்து போன்றவற்றைக் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தூளி கட்ட வாடகை வீட்டுக் கூரையில் கொக்கி அடிப்பதற்கு வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். தாங்கியுடன் கூடிய வில்தொட்டில்கள் கடையில் கிடைக்கின்றன. பகலில், பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கும் நேரத்தில், சிறிது நேரம் ஆட்டலாம். இரவுத் தூக்கம் மட்டும் சமதளமான மெத்தையில்தான் இருக்க வேண்டும்: பெற்றோர் அறையில் தனிக் கட்டில், மல்லாந்த நிலை, போர்வைக்குப் பதில் தூக்கப்பை, தலையணை இல்லை. அறையின் வெப்பம் 16 முதல் 18 பாகை வரை இருக்கட்டும் என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்வார்கள். நமக்கு அது குளிராகத் தோன்றும். ஆனால் அதிகச் சூடுதான் தூக்கத்தில் குழந்தைக்கு ஆபத்து.

மஞ்சள் கையேடும் மருத்துவரும்

மருத்துவமனையில் தரப்படும் மஞ்சள் நிறக் கையேட்டில் எல்லாப் பரிசோதனைகளும் பதியப்படும். முதலாவது பிறந்தவுடனும் இரண்டாவது மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலும் நடக்கும். மூன்றாவதற்கு, நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மூன்றிலும் வாயில் விடும் சொட்டாக வைட்டமின் கே தருவார்கள். மூன்றாவதில் இடுப்பெலும்பு மீயொலிப் பரிசோதனையும் உண்டு. அதன்பின் 3-4, 6-7, 10-12 ஆகிய மாதங்களில் அடுத்தடுத்த பரிசோதனைகள். சில மாநிலங்களில் இவை கட்டாயம். பல இடங்களில் தவறவிட்டால் கடிதம் வரும். கையேட்டில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். குழந்தையின் மலத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளுத்த சாம்பலாகவோ களிமண் நிறமாகவோ இருந்தால் பித்தநாளக் கோளாறாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை மருத்துவர்கள் பலர் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தியிருப்பார்கள். எனவே கர்ப்ப காலத்திலேயே இடம் கேட்டு வைப்பது நல்லது.

முதல் வாரத்திலிருந்து வைட்டமின் டி தினமும் கொடுக்கச் சொல்வார்கள். வெயில் குறைந்த நாடு என்பதால் இதை நிறுத்திவிடாதீர்கள்.

தடுப்பூசி அட்டவணை இந்திய அட்டவணையிலிருந்து மாறுபடும். ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியும் நிமோகாக்கஸ் ஊசியும் 2, 4, 11 மாதங்களில். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆறாவது வாரத்திலிருந்து. தட்டம்மை கூட்டு ஊசி 11 மற்றும் 15 மாதங்களில். இந்தியாவில் பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி இங்கே 1998 முதல் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஓராண்டுக்குள் ஊருக்குப் போவதாக இருந்தால் அதைப் பற்றியும், தட்டம்மை ஊசியை 9ஆம் மாதத்திலேயே போட்டுக்கொள்வது பற்றியும் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர்கள் இல்லாத நேரத்தில் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த இரண்டு எண்களையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்; ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தனியாக இருக்கும் நேரத்திலும் அது உதவும். குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கு மருந்தகத்தில் கூடுதல் பங்குத்தொகை கட்ட வேண்டியதில்லை.

வெளியே போவதும் அக்கம்பக்கமும்

குளிர்காலத்தில் குழந்தையை வெளியே எடுப்பதா என்று நாம் தயங்குவோம். இந்த ஊர்க்காரர்கள் தினமும் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கூட்டிப்போவார்கள். நமக்கு எத்தனை அடுக்கு உடையோ அதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டால் போதும். கை சில்லென்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் விரல் வைத்துப் பார்த்து, இளஞ்சூடாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கடைக்குள்ளோ ரயிலுக்குள்ளோ நுழைந்தவுடன் தொப்பியையும் மேலுடையையும் எடுத்துவிட வேண்டும். காரில் பருத்த மேலங்கியுடன் இருக்கையில் கட்டக் கூடாது; வார் தளர்ந்துவிடும்.

பேருந்தில் தள்ளுவண்டியை நடுக் கதவு வழியாக ஏற்றுங்கள். பின்னால் நிற்பவரிடம் உதவி கேட்டால் தயங்காமல் தூக்கிவிடுவார்கள். ஐசிஇ எனும் அதிவேக ரயில்களில் கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்கென்று சிறு அறை உண்டு, முன்பதிவு செய்யுங்கள். டிஎம் கடைகளில் குழந்தைக்கு உடை மாற்றும் மேசையும் இலவச டயப்பரும் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலைக்குள் பால்மாவு, டயப்பர் இருப்பைச் சரிபாருங்கள். தள்ளுவண்டி, கட்டில், உடைகள் ஆகியவற்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்குவதில் இங்கே யாருக்கும் கூச்சமில்லை. கார் இருக்கையை மட்டும் விபத்தில் சிக்கியதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்ற விதி குழந்தையின் அழுகைக்குப் பொருந்தாது. இருந்தாலும், குழந்தை பிறந்த செய்தியை ஒரு சிறு அட்டையில் எழுதி அண்டை வீட்டுக் கதவில் செருகுவது நல்ல பழக்கம். நகராட்சியிலிருந்தோ இளையோர் நல அலுவலகமான யூகெண்டாம்ட்டிலிருந்தோ வாழ்த்துக் கடிதமும், யாராவது வந்து பார்க்கலாமா என்ற கேள்வியும் வரலாம். நம்மவர்கள் பலர் அந்தப் பெயரைக் கேட்டதும் அஞ்சுகிறார்கள். அந்த வருகை உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. அருகிலுள்ள தாய்-சேய் குழுக்கள், இலவச ஆலோசனை மையங்கள் பற்றிய விவரங்களைத் தரவே வருகிறார்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போது

வருகையாளர் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். அதனால்தான் பெண்ணின் அம்மா முதல் மூன்று மாதமும் மாமியார் அடுத்த மூன்று மாதமும் என்று பல குடும்பங்கள் திட்டமிடுகின்றன. இது நல்ல ஏற்பாடு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரத்தை இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பெற்று அனுப்ப வேண்டும். இதற்கும் விசா நேர்காணலுக்கும் தேதி கிடைக்கவே வாரங்கள் ஆகும். ஐந்தாம் மாதத்தில் தொடங்குங்கள்.

பெட்டியில் நெய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணப் பெட்டியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. உப்பில்லாத வெண்ணெய் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அதை உருக்கினால் அருமையான நெய். சுக்கு, மிளகு, ஓமம் முதலிய காய்ந்த பொருள்களைக் கொண்டுவந்து, பிரசவ லேகியத்தை இங்கேயே கிளறிக்கொள்ளலாம். பூண்டுக் குழம்பும் பால்சுறாவுக்குப் பதில் இங்கே கிடைக்கும் மீனும் பத்தியத்துக்குப் போதும்.

ஐந்தாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் திட உணவு தொடங்கச் சொல்வார்கள். இங்கே கேரட்டிலோ வெள்ளைக் கேரட்டிலோ தொடங்குவது வழக்கம். முளைகட்டிய கேழ்வரகுக் கூழும் குழைந்த பருப்புச் சோறும் அதற்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. உப்பும் சர்க்கரையும் மட்டும் சேர்க்காதீர்கள். சோறூட்டும் சடங்கைக் கோயிலில் செய்ய விரும்புவோருக்கு, ஈழத்தமிழர்கள் 2002இல் கட்டியெழுப்பிய ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் உட்படப் பல கோயில்கள் இருக்கின்றன.

குழந்தையிடம் முதல் நாளிலிருந்து தமிழிலேயே பேசுங்கள். ஜெர்மன் பின்தங்கிவிடும் என்ற கவலை வேண்டாம்.

கீட்டாவில் சேர்ப்பது

ஓராண்டு நிறைந்த குழந்தைக்குக் கீட்டா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கோரும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. உரிமை இருப்பதால் இடம் தயாராக இருக்கிறது என்று பொருளல்ல; பதிவைக் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே நகராட்சியின் இணையப் பதிவேட்டில் செய்து, அருகிலுள்ள கீட்டாக்களுக்கு நேரிலும் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் புதிய இடங்கள் திறக்கும். சில குழந்தைகளை மட்டும் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பாளர்களும் உண்டு. ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தச் சிறிய சூழல் பல நேரம் கூடுதல் இதமாக இருக்கும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சேர்ந்த முதல் நாளே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. பெற்றோரில் ஒருவர் சில நாட்கள் உடனிருந்து, பிறகு பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று விலகியிருந்து பழக்க வேண்டும். இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சில குழந்தைகளுக்கு அதற்கும் மேல் ஆகும். வேலைக்குத் திரும்பும் தேதியை இதைக் கணக்கில் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 1 முதல், ஒரு வயது நிறைந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் எந்தக் கீட்டாவும் சேர்த்துக்கொள்ளாது.

முதல் குளிர்காலம் முழுக்க சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். சட்டபூர்வக் காப்பீட்டில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தையின் நோய்க்காக ஆண்டுக்கு 15 நாட்களும், தனித்து வளர்ப்பவருக்கு 30 நாட்களும் ஈட்டுத்தொகையுடன் விடுப்பு உண்டு. குழந்தை மருத்துவரிடம் பெறும் சான்றின் ஒரு பகுதி காப்பீட்டு நிறுவனத்துக்கும் நகல் அலுவலகத்துக்கும் போக வேண்டும். விடுப்பு எடுப்பதை அன்று காலையிலேயே அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு மருத்துவரிடம் புறப்படுங்கள்.